ஆள்காட்டி விரல்

ஸ்டியரிங்கின் உச்சியில் மணிக்கட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டுவார் நெவ். எதிரே வண்டி வந்தால் ஆள்காட்டி விரல் மட்டும் ஓர் அங்குலம் எழுந்து அடங்கும். முகத்தில் சிரிப்பு இருக்காது, தலை அசையாது, பேச்சும் நிற்காது. விரல் தன் பாட்டுக்கு அதன் வேலையைப் பார்க்கும்.

எங்கள் கடற்கரைச் சாலையில் இந்த விரலுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் இங்கே ஒரு குளிர்காலத்தைக் கழித்தவர்களுக்குத் தானாகப் புரிந்துவிடும். பால் லாரிக்கு உண்டு. தபால் வேனுக்கு உண்டு. நாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகும் ஆட்டுப்பண்ணைக்காரர்களுக்கு உண்டு. ஊர் சுற்ற வருபவர்களின் வாடகை வண்டிகளுக்குக் கிடையாது. பகை ஒன்றும் இல்லை. தெரியாத ஆளுக்கு எதற்கு வணக்கம், அவ்வளவுதான். நான் இந்த ஊருக்கு வந்து பதினான்கு மாதம் கழித்துத்தான் நெவ்வின் விரல் எனக்காக எழுந்தது. அன்று மதுரையில் இருக்கும் அக்காவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். "ஒரு விரலத் தூக்குனதுக்கா இவ்வளவு குதிக்கிற?" என்றாள். அவளுக்கு எப்படிப் புரியும்!

நெவில் பாஸ்கோவுக்கு வயது எழுபத்தொன்று. வருஷம் முழுக்க அரைக்கால் சட்டை, முழங்கால் வரை சாக்ஸ், மூக்கில் வெயிலுக்கு வெள்ளைக் களிம்பு. பன்னிரண்டு பேர் உட்காரும் வேன் ஒன்று சொந்தமாக வைத்திருக்கிறார். காலை எட்டரைக்குப் பயணிகளோடு கிளம்பினால் கலங்கரை விளக்கம், தைலமரக் காடு, கடலுக்குள் நிற்கும் தூண் பாறைகள் என்று காட்டிவிட்டு மாலையில் திரும்புவார். வாரத்தில் நான்கு நாள் அவர் ஓட்டுவார், மூன்று நாள் நான். ஒன்பது வருஷமாக இதுதான் ஏற்பாடு. வண்டியில் எத்தனை நாட்டுக்காரர்கள் இருந்தாலும் எல்லாரையும் ஒரே மாதிரி வம்புக்கு இழுப்பார். "சாப்பாட்டக் குறை சொல்லலாம், என் ஓட்டுறதக் குறை சொல்லலாம், கடலக் குறை சொன்னா எறக்கி விட்டுருவேன்." இதைச் சொல்லாமல் முதல் கியர் விழாது.

போன மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை என் கார் பட்டறையில் கிடந்தது. அடுத்த ஊர்வரை போக வேண்டியிருந்ததால் நெவ்வின் வேனில் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். பின்னால் ஆறு பேர். பல்லாரட்டிலிருந்து வந்த அக்கா தங்கைகள் நான்கு பேர், பெர்த்தைச் சேர்ந்த ஒரு தம்பதி. இடப்பக்கம் தடுப்புக் கம்பி, அதற்கு அப்புறம் நேரே கடல்.

காட்டுக்குள் வேகத்தைக் குறைத்து மைக்கில் ஆரம்பித்தார். "அந்தக் கவட்டைல ஒரு கோவாலா தூங்குறான் பாருங்க. நாளுக்கு இருபது மணி நேரம் தூக்கம். எங்க ஆபீசருங்களுக்கு இவன்தான் குரு."

"எங்க? காணோமே" என்றாள் மூத்த அக்கா.

"நல்லாப் பாருங்கம்மா, சும்மா கெடைக்குமா?"

அவர்கள் மரத்தில் இருந்த ஒரு முண்டைப் படம் பிடித்துக்கொண்டார்கள். அங்கே கோவாலா இல்லை. குறும்பு செய்கிறார் என்று நானும் சிரித்தேன்.

காட்டை விட்டு வெளியே வந்ததும் எதிரே ஒரு வாடகை வேன். உடம்பெல்லாம் படம் தீட்டி, கூரையில் அலைச்சறுக்குப் பலகை கட்டியது. நெவ்வின் விரல் எழுந்தது.

"என்ன நெவ், வாடகை வண்டிக்கெல்லாம் மரியாத பண்றீங்க?"

"வயசாயிருச்சு அம்மணி. மனசு எளகிப்போச்சு."

அதற்கும் சிரித்தேன். அடுத்த வளைவில் லிண்ட்ஸே ஆர்ச்சர்ட் வந்தார். ஆரஞ்சு நிறத்தில் பழைய வண்டி, எங்கள் வட்டாரத்திலேயே அது ஒன்றுதான். நெவ் தன் குளியலறையை அனுமதி வாங்காமல் கட்டிவிட்டார் என்று நகராட்சிக்கு எழுதிப்போட்ட மனிதர். அன்றிலிருந்து பதினோரு வருஷம் நெவ் அவருக்கு விரல் காட்டியதில்லை. சாவு வீட்டில்கூட இருவரும் ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள். அந்த ஆரஞ்சு வண்டியைப் பார்த்து நெவ்வின் விரல் அழகாக எழுந்து அடங்கியது. லிண்ட்ஸேயின் வாய் பிளந்ததை நான் பார்த்தேன். பக்கக் கண்ணாடியில் அவருடைய பிரேக் விளக்கு எரிந்தது.

அந்தக் கோவாலா குறும்பு இல்லை. மனசும் இளகவில்லை. எதிரே வருவது யார், என்ன என்று நெவ்வுக்குத் தெரியவில்லை. வண்டிச் சத்தம் கேட்டால் விரலைத் தூக்குகிறார். மாதக் கடைசிக்குள் லைசென்ஸுக்கு டாக்டர் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று நான் மூன்று முறை ஞாபகப்படுத்தியும், "போவணும், போவணும்" என்று தள்ளிக்கொண்டே வந்ததற்குக் காரணம் இப்போது விளங்கியது. கண்ணைச் சோதித்தால் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் போனால் இந்த மனிதரிடம் வேறு என்ன மிஞ்சும்? பின்னாலோ ஆறு பேர் பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறார்கள்.

"நெவ், தலை சுத்துது. கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க."

"ரெண்டே வளைவு. பாறை பாக்குற எடம் வந்துரும், தாராளமா எறங்கிக்க."

அவர் வளைவுகளைத் துல்லியமாகத்தான் எடுத்தார். சாலையின் வெள்ளைக் கோட்டை விட்டு ஒரு சாண் விலகவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நான் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது வளைவு நிமிர்ந்ததும், பாறை பார்க்கும் இடத்திலிருந்து ஒரு சிவப்புக் கார் வெளியே வந்தது. ஓட்டியவன் எந்த நாட்டானோ, அவன் ஊர்ப் பழக்கத்தில் வலப்பக்கமாகத் திருப்பிவிட்டான். எங்கள் பாதையில், எங்களுக்கு நேர் எதிராக வந்தான். தரையில் வரைந்திருக்கும் அம்புக்குறி மேலேயே ஏறி வந்தான். ஊர்க்காரன் யாராக இருந்தாலும் அந்நேரம் ஹாரனை அமுக்கிக் கெட்ட வார்த்தையால் வைதிருப்பான்.

நெவ் விரலைத் தூக்கினார்.

"நெவ், நிறுத்து!" ஒன்பது வருஷத்தில் அவரை நான் ஒருமையில் கூப்பிட்டதில்லை. பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தேன். அவர் பிரேக்கை மிதித்தார். சிவப்புக் கார் எங்களுக்கும் தடுப்புக் கம்பிக்கும் நடுவே உரசிக்கொண்டு போய் நின்றது. நாங்கள் எதிர்ப்பக்கம் மலையடிவாரத்துச் சரளையில் ஏறி நின்றோம். யாருக்கும் ஒன்றும் இல்லை.

அந்தப் பையன் ஓடி வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். நெவ் அவன் தோளைத் தட்டி, "போ ராசா, இனிமே எடதுபக்கம்" என்று அனுப்பிவிட்டு மைக்கில், "இது டிக்கெட்ல சேராது, சும்மா குடுத்தது" என்றார். அக்கா தங்கைகள் அழுதுகொண்டே சிரித்தார்கள். ஆறு பேரும் காற்று வாங்க இறங்கினார்கள்.

நாங்கள் இருவர் மட்டும் உள்ளே இருந்தோம்.

"அந்தக் கார் என்ன நெறம், நெவ்?"

"வெள்ளை" என்றார்.

"எவ்வளவு நாளா?"

"ஆகஸ்ட்ல ஆரம்பிச்சுது. ஓரமெல்லாம் பளிச்சுனு தெரியுது. நடுவுலதான் யாரோ ஈரக் கட்டைவெரல வச்சுத் தேச்சாப்ல."

"கோரலுக்குத் தெரியுமா?" கோரல் அவர் மனைவி.

"தெரிஞ்சா சாவியக் குடுப்பாளா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஈஸ்டர் வரைக்கும் விடு, அம்மணி. அதுக்கப்புறம் நானே சொல்லிர்றேன். இந்த ரோட்ட நான் கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன்" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. சரி என்று சொல்ல முடியவில்லை. முடியாது என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லவும் வாய் வரவில்லை. லிண்ட்ஸேயின் ஆரஞ்சு வண்டிக்கு விரல் காட்டியதை மட்டும் சொன்னேன்.

"லிண்ட்ஸேவுக்கா? அந்த நாதாரிக்கா?" என்று உண்மையாகவே பதறிப்போனார்.

பயணிகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். பெர்த்துக்காரர் கதவை இழுத்துச் சாத்தினார். பின்னாலிருந்து சீட் பெல்ட்கள் மாட்டும் சத்தம் ஒன்று, இரண்டு என்று வந்தது. நெவ் தலையைச் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறாவது சத்தமும் வந்தது. "போலாமா டிரைவர்?" என்றாள் மூத்த அக்கா.

நெவ் தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினார். உள்ளங்கையைப் பானெட்டின் மேல் வைத்து, அதை எடுக்காமலேயே வேனின் முன்பக்கத்தைச் சுற்றி என் பக்கம் வந்தார். டிக்கெட் கேட்டு வருபவர்கள் தட்டுவதுபோல என் ஜன்னல் கண்ணாடியை இரண்டு முறை மெல்லத் தட்டிவிட்டு, நான் இறங்க வழி விட்டு ஒதுங்கி நின்றார்.