டியூபை முக்கத் தண்ணீர் இல்லை

கல்வராயன் மலை ஏற்றத்தில் என் சைக்கிளின் முன் சக்கரம் பஞ்சராகிவிடுகிறது. சைக்கிளில் துணி விற்றே மாடிக் கடை கட்டியவன் நான். பஞ்சர் ஒட்ட ஆள் தேடுவேனா? டியூபைக் கழற்றிக் காற்றடித்து, ஓட்டையைப் பார்க்க சாலையோரத்து வீடு ஒன்றில் ஒரு சட்டித் தண்ணீர் கேட்கிறேன். அந்த வீட்டுப் பெண் குடத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறாள்.

“குடிக்கவே இந்த ஒரு கொடந்தாங்க. ஓடையிலேர்ந்து தூக்கிக்கினு வரேன்.”

“வாசல்ல கொழா இருக்குதே, அது இன்னாம்மா?” என்று சீறுகிறேன்.

“அதுல காத்துதான் வருது பெரியவரே. வேணும்னா டியூபுக்கு அடிச்சிக்கோங்க.”

திறந்து பார்க்கிறேன். புஸ்ஸென்று காற்றுதான். அவளே டியூபை வாங்கி, கன்னத்தருகே மெல்ல நகர்த்தி, கசியும் இடத்தைக் காட்டுகிறாள். ஒட்டுகிறேன்.

மூன்றாம் வகுப்போடு நின்ற நான் போட்ட ஒட்டில் காற்று நிற்கிறது. படித்தவர்கள் போட்ட குழாயில் ஒரு சொட்டு வரவில்லையே, வெட்கமாக இல்லையா அவர்களுக்கு?