யாரும் ஊற்றாத தண்ணீர்

எல்ஸி குழம்புச் சட்டியைச் சாய்த்துப் பிடித்து, மிதக்கும் எண்ணெயைக் கரண்டி முதுகால் ஓரமாக ஒதுக்கினாள். "பாருக்கா, இது சம்புரான். எண்ணெ வேற, தண்ணி வேற. பிரிச்சு எடுத்துறலாம்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நல்லம்மாள் நிமிரவில்லை. "பிரிச்சது போதும்லா. உப்புப் போட்டியா?"

உப்புக்கும் ஒரு பாடம் இருந்தது. கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் அதுவும் சம்புரான்தான். வற்றக் காய்ச்சினால் உப்பு அடியில் திரும்பி வந்துவிடும். கலவைக்கு மலாயில் சம்புரான், பரீட்சையும் மலாயில்தான். ஈப்போவில் ஒரு பள்ளி விடுதியின் சமையற்கட்டில், எண்பத்து மூன்றாம் வருஷம் முழுக்க இந்தக் கூத்து நடந்தது. பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு அரிசி களைகிறவளை வேறெங்கும் பார்க்க முடியாது.

சுங்கை சிப்புட் பக்கம் அவர்கள் இருந்த ரப்பர்த் தோட்டம் துண்டு துண்டாக விலைபோகும்வரை எல்ஸி பால் மரம் வெட்டி ரப்பர் பால் இறக்கியவள். முப்பது தாண்டியபின் ஆஸ்பத்திரி அட்டெண்டன் வேலைக்கு ஆசைப்பட்டாள். அதற்கு மூன்றாம் படிவத்து எஸ்.ஆர்.பி. பரீட்சை தேற வேண்டும். போன வருஷம் அறிவியல் காலை வாரிவிட்டது. வேலைக்கு வயது பார்ப்பார்கள். இந்த முறையும் கவிழ்ந்தால் அந்த ஆசையை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட சமயத்தில்தான் மாதா கோயில் மாலை வகுப்பில் ஸ்டானிஸ்லாஸ் வாத்தியார் ஒரு கேள்வி போட்டார்: ரப்பர் பால் தூய பொருளா, கலவையா? எல்ஸி தூய பொருள் என்று எழுதினாள். சிவப்பு மை விழுந்ததும் அவளுக்கு மூக்கு நுனி வரை கோபம் வந்துவிட்டது. தோட்டத்தில் எடை கூட்டுவதற்காகப் பாலில் தண்ணீர் கலக்கிறவர்கள் உண்டு. பால் எடை போடும் கிராணியிடம் அகப்பட்டால் லயத்து வீடுகள் எல்லாமே காறித் துப்பும்.

"எங்க வாளியில ஒரு சொட்டுத் தண்ணி கலந்ததில்ல சார். மாதா சத்தியமா."

விடுதிக்குத் திரும்பியதும் எல்ஸி புத்தகத்தைப் பெட்டிக்கடியில் தள்ளிவிட்டாள்.

அதை வெளியே இழுத்தவள் நல்லம்மாள். எழுத்து வாசனை இல்லாதவள். அதே தோட்டத்துப் பால் கொட்டகையில் ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட் போட்டவள். மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்: "ஏண்டி, பால்ல ஆசிட் ஊத்துனா ஒறஞ்சிரும். கட்டிய எடுத்தப்புறம் தட்டுல தெளிவாத் தண்ணி நிக்குமே, அது யாரு ஊத்துனது?"

எல்ஸி விட்டுக்கொடுக்கவில்லை. "ஆசிட்டோட வந்த தண்ணியா இருக்கும்."

"ஆசிட்டு எவ்ளோ, அந்தத் தண்ணி எவ்ளோ? மரத்துக்குள்ளயே இருந்த தண்ணிலா அது. ஒன்ன யாரு திருடின்னு சொன்னா? போயி படி. சட்டி பானைய நான் பாத்துக்கறேன்."

சொன்னது ஒரு நாளுக்கல்ல. பரீட்சை முடியும்வரை ராத்திரிப் பாத்திரம் முழுவதும் நல்லம்மாள் தலையில்தான் விடிந்தது. சோப்புத் தண்ணீரில் அவள் விரல்கள் வெடித்துப் போயின. எல்ஸி செபமாலை முடிந்ததும் முருகனைக் கும்பிடும் அந்த அக்காவுக்காகத் தனியாக ஓர் அருள் நிறை மந்திரம் சொல்வாள். "எங்கம்மா கூட எனக்கு இவ்ளோ செஞ்சதில்ல" என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அது பொய்யில்லை.

முடிவு வந்த அன்று வாத்தியாரே சமையற்கட்டு வாசலில் வந்து நின்று, "தேறிட்ட எல்ஸி, அறிவியலும் சேத்து" என்றார்.

எல்ஸி நேரே தொட்டியண்டை போய், நல்லம்மாளின் இரண்டு கைகளையும் நுரைக்குள்ளிருந்து வெளியே எடுத்தாள். தோளில் கிடந்த துண்டால் விரல் விரலாகத் துடைத்தாள். அவளை முக்காலியில் உட்கார வைத்துவிட்டு, கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சோற்றுப் பானையைத் தன் பக்கம் இழுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.