செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிய விமானம்

இல்லை மச்சான், அது பறந்தது. ஒரு மைல் பறந்தாலும் பறந்ததுதான். ஒருக்கா பறந்ததெல்லாம் ஒரு பறப்பா என்று நீ குரல் பதிவில் கத்தியதை நான் மூன்று தடவை கேட்டேன். பக்கத்தில் இருந்து உன் தங்கச்சியும் கேட்டாள். நான் பதில் அனுப்பாமல் விட்டது வாயடைத்துப் போனதால் அல்ல, அப்படி நினைத்துச் சந்தோஷப்படாதே. இது பெருவிரலால் நாலு வரி தட்டி அனுப்புகிற விஷயமில்லை. டோஹா விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்கு இன்னும் ஐந்து மணித்தியாலம் இருக்கிறது. உட்கார்ந்து ஒழுங்காக எழுதுகிறேன்.

வாசிக்கிற மற்றவர்கள் குறை நினைக்க வேண்டாம். அந்த மர விமானத்தைப் பார்க்கப் போக நினைப்பவர்களுக்கு வேண்டிய விபரம் எல்லாம் வரும். ஆனால் இந்த மனிதனைப் பற்றிச் சொல்லாமல் எனக்கு அந்த விமானத்தைச் சொல்லத் தெரியாது.

அந்த மச்சான்தான் ஜவ்பர், என் மனைவியின் நானா, அதாவது அவளுடைய அண்ணன். நானும் அவரும் ஆறாம் வகுப்பில் ஒரே நாளில் பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவர்கள். அவர் கடலுக்குப் போனார். நான் கற்பிட்டியில் பைபர் படகுகளுக்கு ஓட்டை அடைக்கப் போனேன், இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறேன். நாலு வருசத்துக்கு முன் எத்தாளையில் களப்புக் கரையில் வைத்து அவர் ஒரு பெரிய மரப் படகு கட்டினார். வெளிக்கடலில் பத்து நாள் தங்கித் தொழில் செய்கிற அளவு. மரத்துக்கு மேல் பைபர் பூசியது நான்தான். தண்ணீரில் இறக்கிய அன்று அது எத்தாளையிலிருந்து கற்பிட்டி ஜெட்டி வரை ஓடி வந்தது. களப்பு என்பது கடல் புகுந்த ஏரி, தண்ணீர் குறைவு, படகோ ஆழம் கேட்கிற சாமான். வழியில் மூன்று இடத்தில் மணலில் உட்கார்ந்து எழும்பி, ஜெட்டிக்கு வந்து சேர அஸர் பாங்கு சொல்லிவிட்டது. பாதி ஊர் ஜெட்டியில் நின்றது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"இது மீன் புடிக்கிற போட்டில்ல. மீன் பாத்துச் சிரிக்கிற போட்டு."

ஊர் சிரித்தது. ஜவ்பரும் சிரித்தார். அடுத்த கிழமைக்குள் அந்தக் கதை தேத்தண்ணிக் கடை தேத்தண்ணிக் கடையாகப் போய்விட்டது. கூட வருவதாகச் சொன்ன ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். சிரிக்கிற போட்டில் யார் தொழிலுக்குப் போவது? படகு திரும்பவும் எத்தாளையில் கரையேறியது. அதன் பிறகு ஓடவில்லை.

போன ஆகஸ்டில் அமெரிக்காவில் இருக்கிற என் மகளுக்குப் பிள்ளை கிடைத்தது. பார்க்கப் புறப்படுவதற்கு முதல் நாள் ஜவ்பரிடம் பயணம் சொல்லப் போனேன். படகுக்குள் நின்று பித்தளை ஆணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். காலில் நீலச் செருப்பு. எங்கள் கரையில் யாரும் படகுக்குள் செருப்போடு ஏறுவதில்லை. அது சோறு தருகிற இடம். எஞ்சின் பார்க்க வருகிறவன்கூடக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவான்.

"மரக்காரனுக்குக் குடுத்துட்டன்," என்றார் ஜவ்பர். "நீங்க திரும்பி வார கிழமை, சனிக்கிழமை வெட்ட வாரானுகள்."

நான் ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்தேன். அந்தச் செருப்பைப் பார்த்ததும் வரவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பெட்டி கட்டிக்கொண்டே, "ஒங்கட வாய்தான் நானாட போட்ட வித்தது," என்றாள். சொல்லிவிட்டுப் பெட்டியைப் பூட்டினாள்.

பயணத்துக்கு வருகிறேன். கற்பிட்டியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஏறக்குறைய நூற்றி நாற்பது கிலோமீட்டர். வான் வண்டிக்கு இருபத்துநாலாயிரம் ரூபா. லுஹர் தொழுதுவிட்டு ஒன்றரைக்குப் புறப்பட்டோம், சிலாபத்தில் மூன்றரைக்குத் தேத்தண்ணி, ஐந்தேகாலுக்கு விமான நிலையம். சாரதி பக்கத்து ஊர் கனமூலைத் தம்பி. பாலாவிச் சந்தி தாண்டியதும் மூக்கைச் சுளித்தான்.

"காக்கா, கருவாடு கொண்டு போறீங்களா? மணக்குது."

"இல்ல தம்பி, அது நான்."

அவன் சிலாபம் வரை கண்ணாடியைத் திறந்தே ஓட்டினான். உண்மையில் மூன்று கிலோ கட்டா மீன் கருவாடு இருந்தது. கொண்டு போகிறவர்கள் ஒளிக்க வேண்டாம், அமெரிக்கச் சுங்கத்தில் கேட்டால் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் சொன்னோம், மணந்து பார்த்துவிட்டு விரைவாகவே விட்டுவிட்டார்கள். டோஹாவில் மாறி, சியாட்டில் போய் இறங்கி, அங்கிருந்து மருமகனின் காரில் மூன்று மணித்தியாலம் ஓடி போர்ட்லண்ட். அந்த நீண்ட விமானப் பயணத்தில் கால் வீங்கும். நடைபாதையில் நடவுங்கள். நான் நடந்து நடந்து சமையல் பக்கம் போய் நாலு தரம் கோப்பி வாங்கினேன்.

விமானத்தைப் பார்க்கக் கூட்டிப்போனது மருமகன். மக்மின்வில் என்ற சின்ன ஊர், போர்ட்லண்டிலிருந்து அறுபத்தைந்து கிலோமீட்டர் வரும். ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டுப் பத்தேகாலுக்குச் சேர்ந்தோம். வழி நெடுகத் திராட்சை, கனமூலைப் பக்கம் தென்னை நிற்கிற மாதிரி வரிசை வரிசையாக. டிக்கெட் விலையை மருமகன் என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் ரூபாவில் பெருக்கிப் பார்த்து வாசலிலேயே உட்கார்ந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

உள்ளே போய் விமானம் எங்கே என்று தேடினேன். சின்னச் சின்ன விமானங்கள் நிறைய நின்றன. பெரியதைக் காணவில்லை. மருமகன் மேலே பார்க்கச் சொன்னார். கூரை என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அது செட்டை. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு முந்நூற்றி இருபது அடி. எட்டு எஞ்சின். மற்ற விமானங்கள் அதன் கீழே கோழிக்குஞ்சு மாதிரி.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஆட்களையும் வண்டிகளையும் கடல் தாண்டிக் கொண்டுபோகச் செய்யத் தொடங்கியது. உலோகத்துக்குத் தட்டுப்பாடு, அதனால் மரம். செய்து முடிவதற்குள் யுத்தம் முடிந்துவிட்டது. தண்ணீரிலிருந்து எழும்பித் தண்ணீரில் இறங்குகிற சாதி, ஆகவே வயிறு முழுக்கப் படகு. அடிப்பக்கத்தைப் பார்த்தவுடன் எனக்கு விமானம் மறந்துபோய்விட்டது. மெல்லிய மரத் தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டி வளைத்திருக்கிறார்கள். நான் கற்பிட்டியில் பைபர் பாயை வைத்து, பசை தடவி, மேலே இன்னொரு பாய் வைப்பேனே, அதே வேலை.

அதே வேலை என்று மனசு சொன்னதும் கை சும்மா இருக்கவில்லை. படகு வாங்குகிறவன் முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பான். ஒட்டு விட்டு உள்ளே காற்றுப் புகுந்திருந்தால் தகர டப்பா மாதிரிக் கேட்கும். நானும் தட்டினேன். இறுக்கமான சத்தம். இரண்டடி தள்ளி இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டுக்கு ஒரு வெள்ளை மீசைக்காரர் வந்து நின்றார். அங்கே விளக்கம் சொல்கிற ஆள், என் வயதிருக்கும். தொடக்கூடாது என்று பலகை இருந்ததாம். இங்கிலீஷில் இருந்தது, என் பிழையில்லை.

மருமகன் மன்னிப்புக் கேட்டு, நான் என்ன தொழில் செய்கிறேன் என்றும் சொன்னார். மீசைக்காரரின் முகம் மாறிவிட்டது. எப்படிக் கேட்டது, நல்லா இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். "ஒரு எடத்துலயும் காத்துப் பூரல்ல எண்டு சொல்லுங்க மருமகன்," என்றேன். அவர் எங்களை உள்ளே கூட்டிப்போனார்.

உள்ளே ஏறச் சின்னப் படி இருக்கிறது. நான் படியடியில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினேன். பின்னால் வந்த ஒரு குடும்பம் அதைப் பார்த்துக் குழம்பிப்போய், அவர்களும் கழற்ற வேண்டுமோ என்று நின்றுவிட்டது.

"மாமா, இங்க கழட்டத் தேவல்ல," என்றார் மருமகன் மெதுவாக.

"போட்டுக்குள்ள சப்பாத்தோட எப்படி மருமகன் ஏறுற?"

மீசைக்காரர் என்னவென்று கேட்க, மருமகன் விளக்கினார். அந்த மனிதர் தன்னுடைய சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். இவ்வளவு நாளும் இப்படியே ஏறி இறங்கினேனே என்றாராம்.

வெறும் காலுக்கு அந்தப் பலகை குளிர்ந்தது. நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, எல்லோரும் கேட்கிற கேள்வியை நானும் கேட்டேன். எத்தனை தடவை பறந்தது? ஒரு தடவை, என்றார். எவ்வளவு தூரம்? ஒரு மைல் அளவு. பனை மர உயரத்துக்குமேல் போகவில்லை.

என் வாயைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. "அப்ப இது பறக்கிற பிளேன் இல்ல, பறவை பாத்துச் சிரிக்கிற பிளேன்," என்றேன். மருமகன் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். மீசைக்காரர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். பல் தெரியும், கண் வேறெங்கோ பார்க்கும். அன்று ஜெட்டியில் ஜவ்பர் சிரித்தது இதுதான். எதிரில் பார்த்தும் நாலு வருசமாக எனக்கு விளங்கவில்லை. ஊர் பேர் தெரியாத யாரோ ஒரு வெள்ளைக்காரர் சிரித்தபோது விளங்கியது.

அவர் பிறகு சொன்னார்: இதைக் கட்டியவரைப் பார்த்தும் ஊர் சிரித்ததாம், இது எழும்பவே எழும்பாது என்று. கட்டியவரே ஏறி ஓட்டி எழுப்பிக் காட்டினார். அதற்குப் பிறகு அது பறக்கவில்லை, ஆனால் அவர் மௌத்தாகி மண்ணுக்குப் போகும் வரை கொட்டகை போட்டு, ஆள் வைத்துப் பராமரித்தார். வெட்டவில்லை. நான் சப்பாத்தைப் போட மறந்து வெளி வாசல் வரை வந்துவிட்டேன். மருமகன்தான் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

அன்று பின்னேரம் படத்தை ஜவ்பருக்கு அனுப்பினேன், ஒரு தடவைதான் பறந்தது, எவ்வளவு மதிப்பாக வைத்திருக்கிறார்கள் பார் என்று. வந்த பதில்தான் அந்தக் குரல் பதிவு: "ஒருக்கா பறந்ததெல்லாம் ஒரு பறப்பா? என்ட போட்டும் ஒருக்கா ஓடினதுதானே. அதுக்கு நீ என்ன சொன்ன?"

டோஹாவில் எழுதியது இவ்வளவும். மிச்சம் ஊரில் வைத்து எழுதுகிறேன்.

வியாழன் வந்து சேர்ந்தோம். வெள்ளி ஜும்ஆ முடிந்த கையோடு எத்தாளைக்குப் போனேன். ஜவ்பர் படகு நிழலில் கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டியில் இருந்தார். காலில் அதே நீலச் செருப்பு.

"என்ன, அமெரிக்காக்காரன் கறுத்துப்போய் வந்திரிக்கி?"

"அங்க வெயில் இல்ல மச்சான். இது ஒன்னப் பாத்த பொறவு வந்த நெறம்."

அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு ஏழு மணிக்கு வாரானுகள்," என்றார்.

சொல்ல வேண்டியதை விமானத்தில் பாடமாக்கி வைத்திருந்தேன். ஆனால் பகிடி சொல்லியே பழகிய வாய்க்கு மற்றக் கதை லேசில் வராது. அதனால் உங்களுக்குச் சொல்ல வைத்திருந்த புத்திமதிகளை எல்லாம் அவரிடமே சொல்லத் தொடங்கினேன். கிழமை நாளில் போக வேண்டும், காலையில் போக வேண்டும். இரண்டு மணித்தியாலம் காணாது, நாலு வேண்டும். பக்கத்துக் கட்டிடத்தில் ராக்கெட்டும் இருக்கிறது. உள்ளே குளிரும், சுவெட்டர் வேண்டும்.

"எனக்கெதுக்குடா இது? நான் எங்க போப்போறன்?"

"கேட்டு வையி. பயன்படும்."

எழும்பிப் போய்ப் படகின் வயிற்றில் விரல் முட்டியால் தட்டினேன். இரண்டடி தள்ளித் தட்டினேன். அணியத்திலிருந்து பின்பக்கம் வரை தட்டிக்கொண்டே போனேன். நாலு வருச வெயிலுக்கும் மழைக்கும் ஒரே சத்தம், இறுக்கமாக. ஜவ்பர் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது தெரிந்தது.

"காத்துப் பூரல்ல," என்றேன்.

"பூசினது நீதானே. ஒன்ன நீயே புகழ்றியா?"

"பூச்ச வுடு. கட்டினது ஆரு?"

அவர் களப்புப் பக்கம் திரும்பினார். நான் திரும்பி வந்து பக்கத்தில் குந்தினேன். களப்பைப் பார்த்துக்கொண்டு கதைத்தால் லேசு. "விமானி அறைக்குத் தனி டிக்கெட் மச்சான். படி சுத்திச் சுத்திப் போகும், ஒன்ட முழங்காலுக்குச் சரிவராது. கீழயே நிண்டு பாரு, அது போதும். எனக்குப் போதுமா இருந்திச்சு. நான் அதுக்குள்ள நிண்டுக்கிட்டுத்தான் யோசிச்சன். அண்டைக்கு ஜெட்டியில எல்லாருக்கும் முன்னால நான் ஒன்ட போட்டப் பாத்து..."

ஜவ்பர் எழும்பினார். சாரத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டு படகுப் பக்கம் நடந்தார். நான் சொல்லி முடிக்கவில்லை, கேளு மச்சான் என்றேன். அவர் திரும்பவில்லை. ஏணியடியில் நின்றார். ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு ஒரு செருப்பைக் கழற்றினார். பிறகு மற்றதை. இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு ஏறினார்.