கம்பெனி பஸ்ஸில் பல்கலைக்கழகத்துக்கு

காலை 5.15, நியாலாஸ். எங்கள் ஊர்ச் செம்பனைக் காட்டில் இருட்டு இன்னும் கலையவில்லை. என் மனைவி சாந்தி குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவளை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸில்தான் மகள் கவிதாவும் பல்கலைக்கழகம் போய்வருகிறாள். தொழிற்சாலையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவளுடைய வளாகம். போக ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், வர ஐம்பது. வகுப்பு ஐந்துக்கே முடிந்தாலும் ஏழு மணி பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். இப்போது விடுதியில் ஓர் இடம் காலியாகி, இன்று மாலைக்குள் பதில் கேட்டிருந்தார்கள். கவிதா மழுப்பிக்கொண்டே இருந்தாள். ஜாசினில் உள்ள என் பூக்கடைக்கு ஒருநாள் பூட்டுப் போட்டுவிட்டு, அவளைச் சேர்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று நானே கிளம்பிவிட்டேன்.

"சும்மா பாத்துட்டு வர்றேன்மா," என்றாள் கவிதா.

"பாத்துட்டு வா," என்றாள் சாந்தி. அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

டிரைவர் என்னிடம் ஐந்து ரிங்கிட் வாங்கிக்கொண்டு சாந்திக்கும் கவிதாவுக்கும் பின்னால் இருந்த சீட்டைக் காட்டினார்.

5.45, ஜாசின். தொழிற்சாலைப் பெண்கள் ஏறினார்கள், உட்கார்ந்ததும் தூங்கினார்கள். எனக்கு முன்சீட்டில் மட்டும் தூக்கமில்லை. சாந்தி சப்பாத்தியைச் சுருட்டிக் கொடுக்க, கவிதா அதைக் கடித்தபடி யாரோ ஒரு விரிவுரையாளரைப் போலப் பேசிக் காட்டினாள். சாந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் கேட்டு எவ்வளவோ நாளாகிறது. வீட்டில் ஒருத்தி அடுப்படியில் நின்றுகொண்டே தூங்கி வழிவாள், இன்னொருத்தி லேப்டாப்பில் தலையைக் கவிழ்த்திருப்பாள்.

என் பக்கத்தில் இருந்த, சாந்தியோடு வேலை செய்யும் லெட்சுமி கண்ணைத் திறந்தார். "தெனமும் இப்படித்தாண்ணே. இவங்க ரெண்டு பேருக்கும் கத ஓயாதுலா."

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. இதைப் பிரிக்கவா கடையைப் பூட்டிவிட்டு வந்தேன்?

6.40, குருபோங். சாந்தி இறங்கிக் கையசைத்தாள். இனி சாயங்காலம் வரை அவளுடைய கைப்பேசி லாக்கரில்தான் இருக்கும்.

விடுதி அறை மூன்றாம் மாடியில். இரண்டு கட்டில், ஒரு காற்றாடி. கூட இருக்கப்போகும் சபா மாநிலத்துப் பெண் அலமாரியில் பாதியை ஏற்கெனவே காலி செய்து வைத்திருந்தாள். அவள் வகுப்புக்குப் போனதும் நான் மகளிடம், "வேணாம்மா, நீ பஸ்லயே போய்வா," என்றேன்.

கவிதா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, குரூப் வேலையெல்லாம் ராத்திரி எட்டுக்கு மேலதான் நடக்குது. நான் அப்ப பஸ்ல இருப்பேன். பாவம்னு எனக்குச் சின்ன வேலையா குடுத்துடறாங்க. எனக்கு இந்த ரூம் வேணும்பா. அம்மாகிட்ட சொல்லணும்னுதான் தெனமும் பஸ் ஏறுறேன். அம்மா சிரிச்சா வாய் வரமாட்டேங்குது."

"இன்னிக்கு நானே சொல்லட்டுமா?"

"சொல்லிடுங்கப்பா. நான் சொன்னா அழுதுருவேன்."

ரூம் வேணும் என்று அவள் சொல்ல வேண்டும் என்றுதான் காலையில் நானும் கிளம்பியிருந்தேன். ஆனாலும் இப்போது மனசில்லாமல்தான் தலையாட்டினேன். அவள் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கிக்கொண்டாள். அன்று ராத்திரி குரூப் வேலைக்கு அங்கேயே இருந்துகொள்கிறேன் என்றாள், துணிமணியை மறுநாள் கொண்டுவருவதாக நான் சொன்னேன்.

மாலை 7.00, வளாக வாசல். திரும்பும் பஸ் முதலில் இங்கே வந்துதான் குருபோங் போகும். நான் தனியாக ஏறி, அவர்கள் சீட்டிலேயே உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

குருபோங்கில் சாந்தி ஏறினாள். என்னைப் பார்த்தாள், பின்சீட்டுகளைப் பார்த்தாள், பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கூட இருக்கற புள்ள நல்ல மாதிரியா?" என்று கேட்டாள்.

"நல்ல மாதிரிதான். ஒனக்குத் தெரியுமா?"

"நம்ம மக மூஞ்சி தெரியாதா எனக்கு? எப்ப சொல்லுவாளோன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

பஸ் நகர்ந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"ஏதாச்சும் பேசுங்க," என்றாள். "சும்மா வந்தா அழுதுருவேன்."

எனக்குப் பேசிக் காட்டவெல்லாம் தெரியாது. கடைக்கு வருகிறவர்களைப் பற்றி ஆரம்பித்தேன். ஜாசின் தாண்டியும் நிறுத்தவில்லை. அதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் நியாலாஸ் வரும் வரை அவள் ம்ம் கொட்டிக்கொண்டே வந்தாள்.