மூடி போட்ட பிறகு பேசக்கூடாது

பத்துமலை எதைச் சொன்னாலும் பாதிதான் நம்ப வேண்டும் என்பது சுங்கை சிப்புட்டில் அவரைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். ஈப்போவுக்கும் லூமுட்டுக்கும் லோரி ஓட்டிய காலத்தில் சாப்பாட்டுக் கடைகளில் அவர் விட்ட கதைகள் அப்படி. பங்கோர் தீவுக்குப் போகும் ஃபெர்ரியில் ஓர் ஆடு வரிசையில் நின்று ஏறியது என்று சத்தியம் செய்தார். ஒரு மனிதர் ஜெட்டிக்கே போய் விசாரித்துவிட்டு வந்தார். பத்துமலையின் பொய்யால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை என்பதால் யாரும் அவரைத் திருத்தவும் இல்லை.

லோரியின் கித்தானை அவிழ்க்கும்போது ஒருநாள் மேலிருந்து வழுக்கி விழுந்தார். உடைந்த கால் கூடிவிட்டது, ஆனால் லோரி ஏறும் தெம்பு திரும்பவில்லை. மனைவி நவமணி ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போய்வந்தாள். இவர் வீட்டில் உட்கார்ந்து டிவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"வாய்க்கு மட்டும்தான் வேலையா? கை நல்லாத்தான இருக்கு, ஏதாச்சும் ஆக்கி வைங்கலா" என்றாள் நவமணி.

அவருக்கு ஞாபகம் வந்தது ஒன்றே ஒன்று. லூமுட்டில் மழைநாட்களில் ஒரு கேன்டீனில் வாங்கிக் குடித்த காச்சாங் மேரா சூப்பு, அதாவது சிவப்பு அவரை சூப்பு. அவரையை ஊறவைக்காமலே அடுப்பில் ஏற்றினார். நவமணி ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு மெல்லத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "பல்லு டாக்டர்கிட்ட நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்."

இரண்டு மூன்று வாரத்தில் கை பழகிவிட்டது. அவரையை ராத்திரியே ஊறப்போட்டு, மறுநாள் தண்ணீர் மாற்றிக் குழைய வேகவைப்பார். காரக் கோழி சோசேஜைத் தடிமனாக வெட்டி வெறும் சட்டியில் போடுவார். சிவப்பாக எண்ணெய் கசிந்ததும் துண்டுகளை எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் வெங்காயம், பூண்டு, தக்காளி. வெந்த அவரையைத் தண்ணீரோடு அதில் கொட்டி, ஒரு கை மட்டும் அள்ளி மசித்துச் சேர்த்தால் சூப்பு கெட்டியாகிவிடும். சோசேஜைத் திரும்பப் போட்டு, மூடி, சின்ன நெருப்பில் விட்டுவிடுவார்.

அந்த வாசம் சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனது. அங்கே இருந்தவள் பிரமிளா. நல்லவள்தான், ஆனால் வாய் ஓயாது. பேச ஆள் கிடைத்தால் அடுப்பில் இருப்பது மறந்துவிடும். அவள் வீட்டுச் சட்டிகளுக்கு அடியெல்லாம் கறுப்பு. அவள் புருஷன் தனேஸ்வரன் தீய்ந்த குழம்பைத் தின்றே பழகியவன்.

"அண்ணே, அந்த சூப்ப எப்படி வைக்கிறீங்க?" என்று கேட்டாள் பிரமிளா.

பத்துமலை ஒன்றுவிடாமல் உண்மையைச் சொன்னார். கேட்டு முடித்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்மா."

"எதையோ மறைக்கிறீங்க."

இன்னொரு முறை சொன்னார். சாமி படத்தைக் காட்டிச் சொன்னார். அவள் நகரவில்லை. வாழ்க்கையில் அபூர்வமாக உண்மை பேசும்போது நம்ப ஆளில்லையே என்று அவருக்கே ஆத்திரமாக வந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"சரி, சொல்றேன். மூடி போட்டதுலேருந்து இறக்குற வரைக்கும் ஆக்குறவங்க வாயத் திறக்கக்கூடாது. அடுப்ப விட்டும் போகக்கூடாது. ஒரு வார்த்த பேசினாலும் அவரை வேகாமப் போயிடும்."

"அதான பார்த்தேன்" என்று போனாள் பிரமிளா.

சனிக்கிழமை அந்த வீடு சத்தமில்லாமல் கிடந்தது. சாயங்காலம் தனேஸ்வரன் சுவரோரம் வந்தான், உதட்டில் இன்னும் சூப்பு ஒட்டியிருந்தது. "தீயலண்ணே" என்றான்.

விஷயம் நவமணி காதுக்குப் போனது. பஸ்ஸுக்கு நிற்கும்போது பிரமிளா பெருமையாகச் சொல்ல, நவமணி சிரித்த சிரிப்பில் குட்டு உடைந்துவிட்டது. அன்று பொழுது சாய்வதற்குள் பிரமிளா கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். பத்துமலை ஊன்றுகோலைத் தேடினார், ஓடுவதற்கு.

"உக்காருங்கண்ணே. திட்ட வரல" என்றாள். "அந்த ஒரு மணி நேரம் யாரும் என்னை ஒண்ணும் கேக்கல. சட்ட எங்க, சாவி எங்கன்னு வந்தவரு, நான் வாயில விரல வச்சதும் தானே தேடி எடுத்துக்கிட்டாரு. கல்யாணம் ஆனதுலேருந்து இப்படி ஒரு நாள் இருந்ததில்ல. பொய்யின்னு அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அவர் தலையை ஆட்டினார். தன் பொய்யை இன்னொருவர் வாங்கிப் போய் வீட்டில் வைத்துக்கொண்டது அவருக்கு இதுதான் முதல் தடவை. கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

அதன் பிறகு சனிக்கிழமை தவறாமல் சூப்பு. வரவர மூடி போடும் நேரமும் சீக்கிரமாகிக்கொண்டே போனது. கடைசியில் காலைப் பசியாறல் முடிந்ததும் பிரமிளா வாயில் விரல் வைக்க ஆரம்பித்தாள்.

தனேஸ்வரன் சுவரோரம் வந்து மெலிந்த குரலில் கேட்டான். "அண்ணே, சூப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. கொஞ்சம் பேசிக்கிட்டே ஆக்குற மாதிரி ஏதாவது வழி இல்லையா?"

பிரமிளாவுக்குக் கொடுத்த வாக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது. பத்துமலை மோவாயைத் தடவினார்.

"ஒரு வழி இருக்கு. வெங்காயம், பூண்டு, தக்காளி, சோசேஜ் எல்லாத்தையும் வீட்டு ஆம்பள வெட்டிக் குடுக்கணும். அப்புறம் சட்டியையும் அவனே கழுவணும். அப்படிச் செஞ்சா பேசலாம்."

அடுத்த சனிக்கிழமை பக்கத்து வீட்டில் பேச்சுக் குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேல் பிரமிளாவின் தலை தெரிந்தது.

"அண்ணே, யாரக் கேட்டு இவர அடுப்படிக்குள்ள அனுப்புனீங்க? வெங்காயத்த மாங்கா மாதிரி வெட்டி வச்சிருக்காரு. ஒரு மணி நேரமா சொல்லிக் குடுக்குறேன், தொண்ட வத்திப்போச்சு."

உள்ளேயிருந்து தீய்ந்த வாசம் வந்தது.