தையல்காரம்மாவின் திரை நர்ஸ்

எங்கள் கடைக்குட்டி முட்டி மோதிப் பெற்றவை இவை: அப்பா கூடவே கூடாது என்ற நர்ஸ் படிப்பு, இரண்டு தடவை கோட்டைவிட்டு மூன்றாம் தடவை தேறிய பரீட்சை, முழங்காலில் கம்பி வைத்த பிறகும் ஸ்கூட்டர் ஓட்டும் உரிமம், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை. பெறாதது ஒன்றே ஒன்று. தையல்காரம்மாவின் சிரித்த முகம்.

தையல்காரம்மாவுக்கு இடது பாதத்தில் சர்க்கரைப் புண். ஒன்றுவிட்டு ஒருநாள் கடைக்குட்டி போய்க் கட்டு மாற்றுவாள். அவளை அனுப்பும் நிறுவனம் அந்த வீட்டில் ஒரு டேப்லெட்டை வைத்ததிலிருந்து, தினமும் காலையில் அலுவலகத்து நர்ஸ் ஒருத்தி திரையில் வந்து சர்க்கரை அளவைக் கேட்பாள், புண்ணைப் பார்ப்பாள். அவள் வருவதற்குள் தையல்காரம்மா தலை சீவி, பவுடர் பூசி உட்கார்ந்துவிடுவார்.

"எனக்காக ஒருநாளாவது தலை சீவியிருக்கீங்களாம்மா?"

"நீ காலைத்தானே பாக்குற!"

கடைக்குட்டிக்கு வயிறு எரிந்தது. போதாக்குறைக்கு, செருப்பில்லாமல் மொட்டைமாடிக்கு ஏறிய கதையைத் தையல்காரம்மா திரை நர்ஸிடம் மட்டும் சொல்லியிருந்தார். "உன்கிட்ட சொன்னா கத்துவ."

டேப்லெட் வேலையையும் பழகிக்கொள்ளச் சொன்ன மேலாளரிடம், "தொடாம பாக்குறதெல்லாம் ஒரு வேலையா சார்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு திரை நர்ஸ் பிரசவ விடுப்பில் போனாள். அந்த நாற்காலியில் வேறு எவளோ உட்கார்ந்து தையல்காரம்மாவின் கதைகளை அள்ளிக்கொண்டு போவாளே என்று நினைத்ததும் கடைக்குட்டிக்குப் பொறுக்கவில்லை. மேலாளர் வாயைத் திறக்குமுன்னே, "நான் உக்கார்றேன் சார்" என்றாள்.

பயிற்சி முடிந்து முதல் அழைப்பு. திரையில் தையல்காரம்மா, பவுடரோடு.

"அட, நீயாடி! நேத்து ரெண்டு கேக்கு சாப்பிட்டேன். இப்ப கத்து பாப்போம், சத்தத்தைக் குறைச்சிடுறேன்."

கடைக்குட்டிக்குச் சிரிப்பு பீறிட்டது. அதைப் பார்த்துத் தையல்காரம்மாவும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

கடைக்குட்டிக்குப் பதிலாக வீட்டுக்குப் போகத் தொடங்கிய புது நர்ஸ் அப்போதுதான் அவர் காலை மடியில் வைத்துக் கட்டைப் பிரித்தாள். "மெதுவா, கண்ணு" என்று தையல்காரம்மா அவளைக் கொஞ்சினார்.

கண்ணு! இத்தனை மாதம் கட்டு மாற்றியவளுக்கு ஒரு கண்ணு கிடைத்ததில்லை. மறுபடியும் வயிறு எரிந்தது.

"பாதத்தைக் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திருப்புங்க சிஸ்டர்" என்று விறைப்பாகச் சொன்னாள். புண் ஆறிக்கொண்டிருந்தது. அளவுகளைப் பதிந்து, பார்த்தவர் என்ற இடத்தில் விரலால் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள். திரைப் பதிவில் அவளுடைய முதல் கையெழுத்து அது: 2021 ஆகஸ்ட் 26, வியாழக்கிழமை.