கிடந்து கூப்பிடுகிறார்

பெட்ரோனெல்லா ஸ்வீகர்ஸுக்கு இங்கிலீஷ்காரர்களைக் கண்டாலே ஆகாது. அதனால்தான் அவர்களுக்குத் தன் தாய்மொழியான ஆஃப்ரிக்கான்ஸ் சொல்லிக்கொடுக்க ஒத்துக்கொண்டாள் என்பார் அவள் அண்ணன் பாரெண்ட். வாரா வாரம் ஒரு கூட்டத்தை உட்காரவைத்துத் திட்டலாம், காபியும் ரஸ்க்கும் சர்ச் சபையின் செலவு. இப்படி ஒரு வசதி வேறு யாருக்குக் கிடைக்கும்?

அவர்கள் இங்கிலாந்துக்காரர்கள் இல்லை, ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்தும் கேப்டவுனிலிருந்தும் ஓய்வு பெற்று வந்த, இங்கிலீஷ் பேசுகிறவர்கள். பேரிடேல் என்ற இந்தச் சின்ன ஊரின் பழைய வீடுகளை வாங்கி, கதவுக்கு நீலச் சாயம் அடித்து, காய்கறி விளைந்த மண்ணில் லாவெண்டர் நட்டார்கள். பெட்ரோனெல்லா, ஊருக்கு நெல்லா, தபால் ஆபீஸ் கவுண்டரிலேயே ஆயுசைக் கழித்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மனைவியை இழந்த அண்ணனோடு ஒரே வீட்டில் இருந்தாள். இந்த ஊரில் பிறந்து இந்த மொழியில் சண்டை போட்டு வளர்ந்தவளுக்கு, அவர்கள் வாயில் அந்த மொழி படும் பாட்டைச் சகிக்க முடியவில்லை.

அவள் மொழியில் 'சாப்பிடுகிறேன்' என்று ஒற்றை வார்த்தை போதும். தினமும் சாப்பிடுவதும் அதுதான், இந்த நிமிஷம் வாயில் சோறு இருப்பதும் அதுதான். இன்னும் கண்ணுக்குத் தெரிகிறாற்போலச் சொல்ல வேண்டுமென்றால் உடம்பு எப்படி இருக்கிறதென்று முன்னால் சேர்ப்பார்கள்: உட்கார்ந்து தின்கிறான், நின்று காத்திருக்கிறான், கிடந்து படிக்கிறான், நடந்து புலம்புகிறான். அவ்வளவுதான் விஷயம். இங்கிலீஷ்காரர்களோ தங்கள் ஊர் 'இருக்கிறேன்' ஒன்றைக் கொண்டுவந்து எல்லா வினைக்கும் முட்டுக்கொடுப்பார்கள். 'நான் இருக்கிறேன் சாப்பிடு.' 'நான் இருக்கிறேன் தூங்கு.'

இந்தக் கலையில் முதல் ஆள் டெஸ்மண்ட் பிக்கார்ட். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய பதவி வகித்தவர், நெல்லாவின் பக்கத்து வீட்டுக்காரர். ஒருநாள் கறிக்கடை வரிசையில் நின்றவர், காத்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்து, "நான்தான் காத்திரு" என்று பெருமையாக அறிவித்தார்.

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கை நீட்டினார். "வாங்க மிஸ்டர் காத்திரு. வீட்டுல திருமதி காத்திரு சௌக்கியமா?"

கடை மொத்தமும் சிரித்தது. நெல்லாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

போனால் போகிறதென்று அடுத்த வகுப்பில் ஒரு சுற்றுவழி சொல்லிக்கொடுத்தாள்: 'இன்ன வேலையில் மும்முரமாக இருக்கிறேன்' என்று சொல்லலாம். டெஸ்மண்ட் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சபையில் ஆர்கன் வாசிக்கும் அம்மாளின் கணவர் இறந்தபோது, துக்கம் விசாரிக்கப் போய், "வருத்தப்படுவதில் மும்முரமாக இருக்கிறேன்" என்றார். அழுதுகொண்டிருந்த அம்மாளுக்கு விக்கலே வந்துவிட்டது.

"துக்க வீட்டுல போய் மும்முரமா வருத்தப்பட்டீங்களாமே?" என்று நெல்லா எல்லார் முன்னாலும் கேட்டாள். "வேலை முடிஞ்சுதா, இன்னும் பாக்கி இருக்கா?"

டெஸ்மண்டின் காது சிவந்தது. ஆனாலும் வகுப்புக்கு வருவதை நிறுத்தவில்லை. அதுதான் நெல்லாவுக்கு இன்னும் எரிச்சல். நிற்பது, கிடப்பதெல்லாம் சொல்லிக்கொடுத்தபோது, "என் நாய் நின்று தூங்குகிறது" என்றார்.

"நாயா, குதிரையா? நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

வகுப்புக்கு வெளியிலும் அவள் வாசலில் இங்கிலீஷ் பேசக் கூடாது என்பது சட்டம். பேசினால் கதவைச் சாத்திவிடுவாள். இரண்டு தடவை சாத்தியும் இருக்கிறாள்.

ஜனவரி மாதம், முறைத்தண்ணீர் விடும் நாள். அந்தத் தெருவில் வாய்க்கால் தண்ணீர் வீட்டுக்கு வீடு முறை வைத்து வரும். தங்கள் முறை வந்தால் பாரெண்ட் மதகைத் திறந்துவிட்டு வேலியோரம் நின்று, லாவெண்டர் என் தண்ணீரைத் திருடுகிறது என்று ஊருக்கே கேட்கும்படி கூப்பாடு போடுவார். வழக்கமான சங்கீதம்தான். நெல்லா உள்ளே ஆப்ரிகாட் ஜாம் கிண்டிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்கத்தான் செய்தது. அதை யார் காதில் வாங்குவார்கள்?

சமையலறை வாசலில் டெஸ்மண்ட் வந்து நின்றார். முழங்கால்வரை சேறு, மூச்சு இரைத்தது.

"மேடம், பாரெண்ட்... பாரெண்ட் கிடந்து கூப்பிடுறார்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நின்னு."

"இல்ல மேடம். கிடந்து."

"வேலியோரம் நின்னு தொண்டை கிழியக் கத்துற மனுஷன் எப்படி சார் கிடந்து கூப்பிடுவான்? நாய்தான் நின்னு தூங்குது, எங்கண்ணன் படுத்துக்கிட்டா கத்துறான்? திருப்பிச் சொல்லுங்க. நின்னு கூப்பிடுறார்."

மாதக்கணக்கில் அடிபட்டுப் பழகிய டெஸ்மண்டின் நாக்கு, பாவம், சொன்னபடியே கேட்டது. "நின்னு கூப்பிடுறார்."

"ம். அது. ஜாம் அடுப்புல இருக்கு, முடிச்சிட்டு வரேன்னு அவன்கிட்ட சொல்லுங்க."

அவர் இரண்டடி போனார். சட்டென்று திரும்பி, அத்தனை நாள் அடக்கிவைத்திருந்த இங்கிலீஷையெல்லாம் கொட்டினார். "ஏம்மா, உனக்குப் புத்தி இருக்கா? உங்கண்ணன் வாய்க்கால்ல விழுந்து கிடக்கிறான்! எழுந்திருக்க முடியல!"

அந்த பாஷை அவளுக்கு ஒழுங்காகப் புரிந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

மதகுப் பலகையில் வழுக்கி விழுந்திருந்தார் பாரெண்ட். ஒரு கால் பார்க்கச் சகிக்காதபடி கோணிக் கிடந்தது. தண்ணீரை அடைத்து, தலைக்கடியில் தன் தொப்பியைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் டெஸ்மண்ட் வந்திருக்கிறார். அண்ணனின் உதடு நீலம் பூத்திருந்தது.

"எங்கடி இருந்தே?" என்றார் பாரெண்ட்.

அவள் ஆம்புலன்ஸைக் கூப்பிட ஓடினாள்.

இடுப்பெலும்பு முறிவு. ஸ்வெல்லென்டாமிலிருந்து ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் பாரெண்ட் அதையே சொன்னார்: "அந்தாளு சரியாத்தான் சொல்லியிருக்கான். நான் கிடந்தேன். கிடந்துதான் கூப்பிட்டேன். என் தங்கச்சி நின்னு பாடம் நடத்தினா."

ஊருக்கு இது போதாதா? கறிக்கடையில் அவள் நுழைந்தாலே பேச்சு நின்றது. வகுப்பில் லாவெண்டர்க்காரி ஒருத்தி முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "மேடம், 'கிடந்து' எப்போ போடணும்னு இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்றாள்.

"இன்னிக்கு இறந்தகாலம்" என்றாள் நெல்லா. சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை நெஞ்சில் உறைத்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுத ஆரம்பித்தாள்.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள். அடி பிடித்த ஜாமில் மேலாக எடுத்த ஒரு பாட்டிலோடு டெஸ்மண்ட் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நீங்க சொன்னது சரி."

"என்ன மேடம்?"

"காது கேக்கலைன்னா டாக்டரைப் பாருங்க. ஒரு தடவைதான் சொல்லுவேன்."

திரும்பும்போது அவளுக்கு அவர்மேல் முன்னைவிட வெறுப்பாக இருந்தது. தப்பாகப் பேசுகிற மனிதரை இளக்காரம் செய்வது எவ்வளவு சுலபமாக இருந்தது! சரியாகப் பேசிய ஒரே ஒரு தடவையில் அந்தச் சுகத்தையும் பிடுங்கிக்கொண்டுவிட்டாரே.

பாரெண்ட் கைப்பிடிச் சட்டத்தோடு நடக்க ஆரம்பித்தார். வாய்க்கால்வரை போக முடியாது. டெஸ்மண்ட்தான் இரண்டு வீட்டுக்கும் மதகைத் திறக்கிறார். பிறகு இரண்டு பேரும் வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிராந்தி குடிப்பார்கள். டெஸ்மண்ட் வகுப்புக்குப் போவதை விட்டுவிட்டார். பாரெண்ட் சொல்லிக்கொடுக்கிற ஆஃப்ரிக்கான்ஸில் முக்கால்வாசி கெட்ட வார்த்தை. அதிலொன்றை டெஸ்மண்ட் நல்ல வார்த்தையென்று நம்பி, தெருவில் போன பாதிரியாரிடம் வணக்கமாகச் சொல்லிவிட்டார்.

பாதிரியாரே வந்து நெல்லாவிடம் முறையிட்டார். டெஸ்மண்ட் சொன்ன முழு வாக்கியத்தையும் அவள் திருப்பிச் சொல்லச் சொன்னாள். அவர் கூசிக்கூசிச் சொல்லி முடித்ததும் கொஞ்சம் யோசித்தாள்.

"இதுல பிழை ஒண்ணும் இல்லையே" என்றாள்.